தோழியின் கணவருக்குத் தண்டுவடத்தில் அடி: நாங்கள் என்ன செய்தால் உதவும்?

மழைத்தூறல்:
என் தோழியின் கணவர் உயரத்திலிருந்து விழுந்து சில வாரங்கள் ஆகின்றன. டி4 அளவில் (மார்புப் பகுதி முதுகெலும்புகளில் மேலிருந்து நான்காவது) தண்டுவடம் அடிபட்டிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கைகள் நன்றாக இருக்கின்றன, மார்புக்குக் கீழே உணர்வில்லை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். "எது வேண்டுமானாலும் சொல்" என்று எல்லோரும் சொல்லிவிட்டோம், அவள் வாயே திறக்கவில்லை. இன்னொன்று: நேற்று அவர் கால் தானாக உதறியதாம். வீடே சந்தோஷப்படுகிறது. நல்ல அறிகுறிதானா?

டி6வீட்டுக்காரி:
கேட்க மாட்டாள். யாரிடம் எதைக் கேட்பது என்று யோசிக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே. என் கணவருக்கு டி6. ஆஸ்பத்திரியில் இருந்தவரை வராண்டா நிறைய ஆட்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், உண்மையான வேலை ஆரம்பித்ததே அப்போதுதான்.

என் நாத்தனார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "செவ்வாய், வெள்ளி ராத்திரி என் பொறுப்பு. நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு" என்றாள். அந்த இரண்டு இரவு இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

இரவு வேலை என்றால் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதல்ல. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படவே கூடாது. விரிப்பில் சுருக்கம் இருந்தால் நீவி விட வேண்டும். சிறுநீர் வடியும் கதீட்டர் குழாய் தொடைக்கு அடியில் சிக்கி நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கேயாவது சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது, மறுபடி அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். அவருக்கு வலி தெரியாது, நம் கண்தான் பார்க்க வேண்டும். சுடுதண்ணீர்ப் பை, மடியில் லேப்டாப் எல்லாமே ஆபத்து.

கால் உதறுவது பற்றி: அடிபட்ட அதிர்ச்சி அடங்கியதும் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்கள் திரும்பி வரும். அதுதான் பெரும்பாலும் இந்த இழுப்பு. அவர் நினைத்து அசைக்கிறாரா, தொட்டால் தெரிகிறதா என்று டாக்டர் சோதித்துத்தான் சொல்ல முடியும். "சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள்" என்று யாரும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. "இனிமேல் அவ்வளவுதான்" என்றும் வேண்டாம், முதல் வருடத்தில் மாற்றம் வர இடமுண்டு.

இரவுப்பணி_நர்ஸ்:
டி4 என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். டி6 அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்குத் திடீரென ரத்த அழுத்தம் எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்வை, இவை வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்க விடுங்கள். இறுக்கமான துணி, பெல்ட்டைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் காரணம் சிறுநீர்ப்பை: குழாய் மடங்கியிருக்கும், பை நிரம்பியிருக்கும். அடுத்தது மலச்சிக்கல். உடனே குறையாவிட்டால் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும் விஷயம் இது. சில டாக்டர்களுக்கே இது அவ்வளவாகப் பழக்கமில்லை, எனவே எழுதிக் கட்டிலருகே ஒட்டி வைக்கலாம்.

சக்கரநாற்காலி:
அந்த நாற்காலியில் இருப்பவன் எழுதுகிறேன். பார்க்க வந்து அழுதவர்களை நான்தான் தேற்றி அனுப்பினேன், நல்ல கூத்து! என் தலைக்கு மேலே என் மனைவியிடம் "ராத்திரி தூங்கினாரா?" என்பார்கள். என்னைக் கேட்டால் நானே சொல்வேனே. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை அவரிடமே கொண்டுபோகச் சொல்லுங்கள், அப்பா வேலையை யாரும் பறிக்க வேண்டாம். அப்புறம், டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே வீட்டுக் கதவுகளை அளந்து பாருங்கள். திறந்தபின் 80 செ.மீ. அகலமாவது இருந்தால் நல்லது. குளியலறைக் கதவுதான் முதலில் தகராறு செய்யும்.

மழைத்தூறல்:
ரொம்ப நன்றி. சனி இரவுக்கு நான் வருகிறேன் என்று இப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். கதவுகளை என் கணவர் அளந்துவிடுவார். முதுகில் கம்பி வைத்திருக்கிறார்களே, நான் புரட்டலாமா?

டி6வீட்டுக்காரி:
தனியாக முயலாதீர்கள். எதை அனுமதிப்பார்கள் என்று சர்ஜனிடம் கேட்டுவிட்டு, டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் பிசியோ பக்கத்தில் நிற்க உங்கள் கையாலேயே ஒருமுறை புரட்டிப் பழகுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், நடுவில் முறுக்கக் கூடாது. அதற்கு ஆரம்பத்தில் இரண்டு பேராவது தேவைப்படும், உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள்.