நாசகாரிக் கப்பலும் ஒரு ரப்பர் வளையமும்

1993-இல் விசாகப்பட்டினத்தில், ராஜ்புத் வகை நாசகாரிக் கப்பல் ஒன்றின் இயந்திர அறையில் பணிக்குச் சேர்ந்தேன். நான்கு கேஸ் டர்பைன் இயந்திரங்கள், கப்பலைச் செலுத்தும் விசிறிகளைச் சுழற்றும் இரண்டு ஷாஃப்ட்டுகள் (தண்டுகள்), மொத்தம் 72,000 குதிரைத்திறன். அவ்வகைக் கப்பல்கள் ஐந்தும் இன்றைய உக்ரைனின் மிகோலாயிவ் நகரில் கட்டப்பட்டவை. டர்பைன்களும் அதே ஊரில் உருவானவை. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது டர்பைனுக்கு உக்ரைனையும் ஏவுகணைக்கு ரஷ்யாவையும் நாட வேண்டியதாயிற்று. ரூபாய்–ரூபிள் கணக்கில் நடந்துவந்த கொள்முதலும் டாலருக்கு மாறியது.

ஒருநாள் கியர்பாக்ஸுக்கு மசகு எண்ணெய் அனுப்பும் பம்பில் கசிவு கண்டோம். மாற்றுப் பம்ப் நன்றாகத்தான் ஓடியது. ஆயினும் அதுவும் நின்றுவிட்டால் ஷாஃப்ட்டை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், அந்த நிலையில் கடலுக்குப் புறப்பட எவரும் துணியவில்லை. தேவைப்பட்டதோ கசிவை அடைக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். கிடங்கிலிருந்து ‘இருப்பு இல்லை’ என்றே பதில் வந்தது.

ரீஃபிட்டில், அதாவது பெரும் பழுதுபார்ப்பில், நின்ற அதே வகைச் சகோதரக் கப்பலுக்குச் சென்றோம். அங்கிருந்த மூத்த சீஃப் (மாலுமிகளில் உயர்நிலையில் இருப்பவர்), பம்பைத் தம் கையாலேயே பிரித்து வளையத்தைக் கொடுத்தார். “தம்பி, எங்கள் கப்பல் கிளம்புவதற்குள் இது என் கைக்குத் திரும்பி வர வேண்டும்” என்றவர், குறிப்பேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கடனை அடைக்க, எங்கள் பழைய வளையத்தை மாதிரியாகக் கொடுத்து உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் புதியது செய்வித்தோம். சோதனையில் அதுவும் கசிந்தது. ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. ஆகவே அளக்க வேண்டியது வளையத்தை அல்ல, அது அமர்ந்திருந்த பள்ளத்தை என்று ஃபோர்மன் ஒருவர் விளக்கினார். பள்ளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் செய்த இரண்டாவது வளையம் ஒரு சொட்டும் கசியவிடவில்லை. சீஃப் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே குறிப்பேட்டிலிருந்த என் கையெழுத்தைக் கோடிட்டு அடித்தார்.

*

மேலே இயந்திர அறை நண்பர் எழுதியதில் ‘இருப்பு இல்லை’ என்று படித்ததும், கிடங்கில் இருந்தவனான என் மனம் கனத்தது. அத்தகைய பதில்களை எழுதி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். கிழக்குக் கடற்கரையில் ஒரு கிடங்கில் பணியாற்றினேன். ரஷ்ய எழுத்தில் ‘ந’ ஒலிக்குரியது ஆங்கில ‘எச்’ (H) போலவும், ‘ர’ ஒலிக்குரியது ‘பி’ (P) போலவும் இருக்கும். பெட்டியின் மேலிருந்த குறியை ஒருவர் ஆங்கிலமாகவும் மற்றொருவர் ரஷ்யமாகவும் படித்ததால், ஒரே பாகம் பேரேட்டில் இரு பெயர்களில் ஏறியிருந்தது. ஒரு பெயரில் இருப்பு பூஜ்யம். மற்றொரு பெயரில் பெட்டி நிறைய இருந்தது.

இதைக் கண்டுபிடித்த நாளில் அந்தப் பெட்டியை நானே திறந்தேன். கிரீஸ் பூசிய காகிதத்துக்குள் உலோகப் பாகங்கள் புத்தம் புதிதாக இருந்தன. ரப்பர் வளையங்களோ விரலால் வளைத்தவுடன் ஒடிந்தன.