மூடி வைத்த மடிக்கணினியில் பேட்டரி தீர்ந்துபோவது ஏன்? ஸ்லீப், ஹைபர்னேட் அமைப்புகள் குறித்து

கேள்வி

வணக்கம். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இயங்குகிறது. ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி. மாலையில் வேலை முடிந்ததும் கோப்புகளைத் திறந்தபடியே விட்டு, மூடியை மூடிப் பையில் வைப்பது என் வழக்கம். சில வாரங்களாகப் பையிலிருந்து எடுக்கும்போது அதன் அடிப்பக்கம் கையைச் சுடுகிறது. காலையில் திறந்தால் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சில நாள்களில் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. மூடியை மூடினால் ஸ்லீப் நிலைக்குச் செல்ல வேண்டும் என்றுதான் அமைப்புகளில் உள்ளது. ஸ்லீப்பில் இவ்வளவு மின்சாரம் செலவாவது இயல்புதானா? ரேமில் உள்ளவற்றை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட்டுக்கு மாற்றினால் தீருமா? அப்படி மாற்றினால் எஸ்எஸ்டியின் ஆயுள் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வது உண்மையா?

மறுமொழி 1

இது இயல்பல்ல. அமைப்புகளை மாற்றுவதற்கு முன், உங்கள் கணினியில் இருப்பது எந்த வகை ஸ்லீப் என்பதைப் பார்த்துவிடுங்கள். பழைய வகையான எஸ்3 நிலையில் ரேமுக்கு மட்டுமே மின்சாரம் போகும்; செயலி (சிபியு), திரை, எஸ்எஸ்டி ஆகியவை நின்றுவிடும். மாடர்ன் ஸ்டாண்ட்பை எனப்படும் புதிய வகையில் கணினி எஸ்0 நிலையிலேயே இருக்கும். திரை அணைந்து, செயலி மிகக் குறைந்த மின்சாரத்தில் காத்திருக்கும் என்றாலும், கைப்பேசியைப் போல அவ்வப்போது விழித்து வலைத்தொடர்பையும் பின்னணிப் பணிகளையும் கவனித்துவிட்டு மீண்டும் அடங்கும். அப்படி விழித்த பின் ஏதேனும் ஒரு டிரைவரோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) நிரலோ அதை அடங்கவிடாமல் பிடித்துவைத்தால், காற்றுப் புகாத பைக்குள் கணினி கிட்டத்தட்ட விழித்த நிலையிலேயே கிடக்கும். நீங்கள் சொல்லும் சூடு பெரும்பாலும் அதன் அடையாளம்தான்.

கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 50 வாட்-மணி பேட்டரியிலிருந்து கணினி அரை வாட் மட்டும் எடுத்தால் பத்து மணி நேரத்தில் 5 வாட்-மணி, அதாவது பத்து விழுக்காடுதான் குறையும். ஐந்து வாட் எடுத்தாலோ அதே பத்து மணி நேரத்தில் பேட்டரி முழுவதும் காலி.

நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்ட் எனும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, மின்சார அமைப்புகளைக் கையாளும் பவர்சிஎஃப்ஜி கட்டளையை ‘ஏ’ என்ற தெரிவுடன் இயக்குங்கள். உங்கள் கணினி எந்தெந்த உறக்க நிலைகளை ஏற்கிறது என்பதை அது காட்டும். எஸ்0 என்று வந்தால், அதே கட்டளையை ‘ஸ்லீப்ஸ்டடி’ என்ற தெரிவுடன் இயக்குங்கள். உலாவியில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கை உருவாகும். ஒவ்வொரு முறை மூடி வைத்தபோதும் எவ்வளவு பேட்டரி குறைந்தது, அந்த நேரத்தில் எந்தச் சாதனம் அதிகம் விழித்திருந்தது என்பவை அதில் இருக்கும். காரணம் தெரியாமல் பத்து அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

மறுமொழி 2

எஸ்எஸ்டி பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் உள்ளவை எஸ்எஸ்டியில் எழுதப்பட்டுக் கணினி அணைந்துவிடும். அதற்கென ஒதுக்கப்படும் கோப்பு பொதுவாக ரேமின் அளவில் 40 விழுக்காடு. உங்கள் 16 ஜிபிக்கு அது 6.4 ஜிபி. ஒவ்வொரு முறையும் அது முழுவதுமாக நிரம்புகிறது என்றும், நாளைக்கு இரண்டு முறை ஹைபர்னேட் செய்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 5 டெராபைட்டைத் தாண்டாது. இந்தக் கொள்ளளவுள்ள எஸ்எஸ்டிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் எழுத்து வரம்பு 300 டெராபைட். நீங்கள் அந்த மடிக்கணினியையே மாற்றிவிடுவீர்கள். எஸ்எஸ்டி அப்போதும் நன்றாக இருக்கும்.

ஆகவே, பேட்டரியில் இயங்கும்போது மூடியை மூடினால் ஹைபர்னேட், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்று கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அமைத்துக்கொள்ளுங்கள். ஹைபர்னேட் பட்டியலில் தென்படாவிட்டால், பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை ‘ஆன்’ செய்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

மறுமொழி 3

மேலே சொன்ன அமைப்பில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. மூடியை மூடினால் என்ன செய்வது என்பதை, மூடும் அந்த நொடியில் சார்ஜர் இணைந்திருக்கிறதா என்பதைப் பார்த்தே கணினி முடிவு செய்கிறது. சார்ஜரோடு மூடிவிட்டு, பிறகு வயரைப் பிடுங்கிப் பையில் வைத்தால், அது ஏற்கெனவே ஸ்லீப்புக்குப் போயிருக்கும். வயரைப் பிடுங்கியதற்காக ஹைபர்னேட்டுக்கு மாறாது. எனவே முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், பிறகு மூடியை மூடுங்கள், விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள். வெப்பம் லித்தியம்-அயான் பேட்டரியை வேகமாக முதுமையடையச் செய்யும் என்பதால், இந்த வரிசையை யாரிடமும் வலியுறுத்திச் சொல்வேன்.

மாடர்ன் ஸ்டாண்ட்பையை விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் முடக்கி எஸ்3-ஐ வரவழைக்கும் வழியையும் இணையத்தில் காண்பீர்கள். கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) எஸ்3-க்குத் தயாராக இல்லையென்றால், ஸ்லீப்புக்குப் போன கணினி திரும்ப எழாமல் போகலாம். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மறுமொழி 4

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் இதே சிக்கல் உண்டு. சிஸ் கோப்புறையில் பவர் என்பதன் கீழுள்ள ‘மெம் ஸ்லீப்’ கோப்பைப் படித்தால், எஸ்2ஐடில், டீப் ஆகிய இரண்டில் நடப்பில் இருப்பது சதுர அடைப்புக்குள் தெரியும். டீப் என்பதே எஸ்3; எஸ்2ஐடில் எஸ்0 வகை. சில மணி நேரம் ஸ்லீப்பில் இருந்துவிட்டுப் பிறகு தானாக ஹைபர்னேட்டுக்கு மாறும் வசதி, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் இருக்கிறது. குறைந்தது ரேம் அளவுக்கு ஸ்வாப் இடம் (ரேமில் உள்ளவற்றை எழுதி வைக்க வட்டில் ஒதுக்கும் பகுதி) ஒதுக்கியிருந்தால் அது நிம்மதியாக வேலை செய்யும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. என் கணினியில் இருப்பது எஸ்0. இரவு நேரங்களுக்கான பதிவுகளில் வைஃபை அடாப்டரின் பெயரே முதலிடத்தில் இருந்தது. அதன் டிரைவரைப் புதுப்பித்து, பேட்டரியில் மூடினால் ஹைபர்னேட் என்றும் மாற்றிவிட்டேன். நேற்று இரவு சார்ஜரைக் கழற்றிய பிறகே மூடினேன். காலையில் அடிப்பக்கம் குளிர்ந்திருந்தது, பேட்டரி ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. இன்னும் ஓர் ஐயம்: விடுமுறைக்குச் செல்லும்போது ஷட் டவுன் செய்துவிடுவதுதானே சிறந்தது?

மறுமொழி 1

செய்யலாம். ஆனால் விண்டோஸில் விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுனும் ஒரு பாதி ஹைபர்னேட்தான். உங்கள் நிரல்கள் மூடப்பட்டாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலும் டிரைவர்களும் எஸ்எஸ்டியில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே ஏற்றப்படும். மின்சாரத்தைப் பொறுத்தவரை அதனால் நட்டமில்லை. டிரைவர் கோளாறு ஏதேனும் தீர வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுங்கள், அப்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியை நூறு விழுக்காட்டிலோ வெறுமையாகவோ விடாமல், ஏறத்தாழப் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.