மறு: ஒரே குப்பியிலிருந்து பலமுறை ஆவி எடுக்கும் சோதனைக்கு என்ன பெயர்?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம். 'multiple headspace extraction' என்ற சோதனைக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம் அல்லவா? (headspace என்பது குப்பியில் மாதிரிக்கு மேலே உள்ள இடம்.) ஐயா எழுதியது:

> 'தொடர் தலைவெளிப் பிரித்தெடுப்பு' என்று வைக்கலாமே. எடுக்கும் அளவுகள் பெருக்குத் தொடராகத்தானே குறைகின்றன?

கணக்கின்படி சரிதான் ஐயா. ஆனாலும் 'தொடர்' வேண்டாம் என்கிறேன். குன்னூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவர்கள். செய்முறைக் குறிப்பை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். 'தொடர்' என்றால் நிறுத்தாமல் எடுப்பது என்றே புரிந்துகொள்வார்கள். அது வேறு முறை: மாதிரியின் ஊடே வாயுவை ஓடவிட்டு, ஆவியை வாரி வந்து பிடிப்பது. நம் முறைக்கு இடையில் காத்திருப்பதுதான் உயிர்.

ரோஸ்மேரிச் சாற்றுப் பொடியில், சாறெடுக்கப் பயன்பட்ட கரைப்பானான ஹெக்சேன் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். (மருந்துகளுக்கு, மருந்துத் தர நெறிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச் வைத்திருக்கும் வரம்பு 10 லட்சத்தில் 290 பங்கு.) பொடியைக் குப்பியிலிட்டு இறுக மூடிச் சூடாக்கினால், ஒரு பங்கு மேலே ஆவியாக நிற்கும், மிச்சம் பொடிக்குள்ளேயே கிடக்கும். அந்த விகிதம் பொடிக்குப் பொடி மாறும். சுத்தமான பொடியில் ஹெக்சேனைச் சொட்டி ஒப்பிடவும் வழியில்லை. சொட்டியது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். ஆலையில் ஏறியதோ துகளின் உள்ளே இருக்கும்.

அதனால்தான் அதே குப்பியிலிருந்து மறுபடி மறுபடி எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆவியில் ஒரு பகுதியை வெளியேற்றி, திரும்பச் சமநிலை வரும்வரை விட்டு, பிறகு எடுக்க வேண்டும். ஜிசியில் (ஆவியைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி) ஹெக்சேனைக் காட்டும் உச்சியின் பரப்பு முதலில் 1000, அடுத்து 600, அதற்கடுத்து 360 என்றால், ஒவ்வொன்றும் முந்தையதில் 0.6 பங்கு; தீரும்வரை எடுக்க வேண்டியதில்லை. 1000-ஐ (1 − 0.6) ஆல் வகுத்தால் மொத்தம் 2500 கிடைத்துவிடும். பொடி அடைக்கும் இடத்துக்கு ஈடாகக் கண்ணாடி மணிகள் போட்ட குப்பியில், அளந்த ஹெக்சேனை முழுதும் ஆவியாக்கி இதே போல எடுத்துப் பார்த்தால், பரப்பை எடையாக மாற்றிக்கொள்ளலாம். பரப்பின் மடக்கையை வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். காத்திருப்பைக் குறைத்தாலோ துகள் பருமனாக இருந்தாலோ கோடு வளையும், மொத்தமும் தவறாகும். பெயரே அவசரப்படுத்தினால் இந்தத் தவறுக்கு நாமே வழிவிட்டதாகும்.

'பிரித்தெடுப்பு' இங்கே நீளம். தேங்காய்த் துருவலில் முதல் பால், இரண்டாம் பால் எடுப்பதைப் போல, இங்கும் முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு என்றால் போதும், சொன்னவுடன் புரியும். 'பன்மடங்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மடங்கு பெருகுவதைச் சொல்லும். இங்கே அளவு குறைகிறது.

'தலைவெளி'யில் தலை எதற்கு? மாதிரிக்கு மேலே உள்ள இடம் மேல்வெளி. அதில் நிற்பது மேலாவி. 'மேல்வளி'யும் பேச்சில் அடிபட்டது, அழகான சொல்தான். ஆனால் வளி என்றதும் காற்றுதான் நினைவுக்கு வருகிறது. ஆவியழுத்தம் பள்ளியிலேயே படித்த சொல் என்பதால் 'மேலாவி'க்கு விளக்கம் தேவைப்படாது.

ஆக என் பரிந்துரை: பலசுற்று மேலாவி எடுப்பு. சுற்று என்றால் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. வாயுவை ஓடவிடும் முறைக்கு 'தொடர் மேலாவி எடுப்பு' என்ற பெயரும் இதனால் மிச்சமாகிறது.

குன்னூரிலிருந்து அன்புடன்.

——

வணக்கம் அம்மா.

'தொடர்' என்பதை விட்டுவிடுகிறேன். ஓடவிடும் முறையை நான் யோசிக்கவில்லை. அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். 'சுற்று' எனக்குச் சம்மதம், 'மேலாவி' மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த 0.6-க்கும் ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சுவதைக் காட்டும் எண் அது, 'மீதவிகிதம்' எனலாம். குறிப்பேட்டில் சுற்றுவாரியாக அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். எண் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்தால், வரைபடம் போடும் முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்து, அடுத்த குப்பிக்கு நேரத்தைக் கூட்டலாம், பொடியை இன்னும் நைசாக அரைக்கலாம். அரைக்கும்போது குளிர வைத்தே அரைக்கச் சொல்லுங்கள். சூடேறினால் ஹெக்சேன் அங்கேயே பறந்துவிடும்.

உதகையிலிருந்து வாழ்த்துகளுடன்.