பேக்ரவுண்ட் எடுத்த லோகோவில் வெள்ளைக் கட்டம் – உங்களிடம் வந்த ஃபைல்களில் பார்த்தவை

அச்சுமேசை:
அதிகம் வருவது விண்டோஸ் பெயின்ட் ஃபைல்தான். ‘டிரான்ஸ்பரன்ட் செலக்‌ஷன்’ டிக் போட்டு, பிஎன்ஜியாக சேவ் பண்ணி, பேக்ரவுண்ட் எடுத்தாச்சு என்று கொடுப்பார்கள். பேனரில் வைத்தால் வெள்ளைக் கட்டம். அந்த டிக், படத்துக்குள் ஒரு துண்டை நகர்த்தும்போது ‘கலர் 2’ நிறத்தை விட்டுவிடும், அவ்வளவுதான். சேவ் ஆகும்போது வெள்ளை வெள்ளையாகவே போகும். பிஎன்ஜி என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது, பிக்சலுக்கு சிவப்பு, பச்சை, நீலத்தோடு ஆல்ஃபா என்ற நாலாவது எண்ணும் வேண்டும். 0 என்றால் ஒன்றும் தெரியாது, 255 என்றால் முழுசாகத் தெரியும். விண்டோஸ் 11 பெயின்ட்டுக்கு லேயரும் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) இந்த ஆல்ஃபா வசதியும் 2023-இல்தான் வந்தன. அதிலும் லேயர் பலகத்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் பின்னணியை மறைத்துவிட்டுத்தான் சேவ் பண்ண வேண்டும்.

சுழியன்:
பெயின்ட் டாட் நெட் என்ற தனி மென்பொருளில் புது ஃபைல் திறந்தாலே வெள்ளைத் தாள்தான் வரும். முதலில் கன்ட்ரோல்+ஏ, டிலீட். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்த பிறகு (அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கான அடையாளம் அது) வேலையைத் தொடங்குங்கள்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லை. ஒரே நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்டால் வெளியே உள்ள வெள்ளையைத் தொட்டு டிலீட் அடித்தால் ண, ன, ஒ இவற்றின் சுழிக்குள் வெள்ளை அப்படியே நிற்கும். வெள்ளைத் திரையில் யாருக்கும் தெரியாது. மெரூன் கல்யாணப் பத்திரிகையில் வைத்தால் ‘கண்ணன்’ முழுக்க வெள்ளைப் பொட்டு. ஃப்ளட் மோடை ‘குளோபல்’ ஆக்குங்கள் (படம் முழுக்க உள்ள அந்த நிறத்தைப் பிடிக்கும்), அல்லது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக் பண்ணுங்கள். டாலரன்ஸ் (எவ்வளவு நெருங்கிய நிறம் வரை பிடிக்கும் என்ற அளவு) 50 சதவீதத்தில் இருக்கும், லோகோவுக்கு 20–30 போதும். கூட்டினால் வெளிர் மஞ்சளும் சேர்ந்து போய்விடும். எடுத்து முடித்ததும் அடியில் ஒரு லேயர் போட்டு பளீர் பச்சை ஊற்றிப் பாருங்கள், மிச்சமெல்லாம் தெரிந்துவிடும்.

மைக்கூடு:
கையெழுத்துக்கு மேஜிக் வாண்ட் வேண்டவே வேண்டாம். மைக்கோட்டின் ஓரத்தில் இருக்கும் சாம்பல் பிக்சல்கள் கறுப்பும் வெள்ளையும் கலந்தவை. வாண்ட் அதில் பாதியை விட்டுவிடும், அதுதான் அந்த வெள்ளை ஓரம். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ‘கலர் டு ஆல்ஃபா’ கொடுத்து வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் நடுச் சாம்பல் பாதி தெரியும் கறுப்பாக மாறிவிடும், எந்தத் தாளிலும் சுத்தமாக உட்காரும். ஸ்கேன் தாள் மங்கலாக இருந்தால் முதலில் லெவல்ஸில் (வெளிச்சம், இருட்டைச் சரிசெய்யும் இடம்) வெளுத்துக்கொள்ளுங்கள்.

வண்ணப் படத்துக்கு இதைப் போடாதீர்கள். 255, 192, 203 என்ற இளஞ்சிவப்பு கால்வாசிதான் மிஞ்சும், பின்னால் இருப்பதெல்லாம் அதன் வழியே தெரியும்.

கிம்ப்பில் டிலீட் அடித்தும் வெள்ளையே வருகிறது என்பவர்களுக்கு: லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதில் ‘ஆட் ஆல்ஃபா சேனல்’. ஜேபிஜியைத் திறந்தால் அந்தச் சேனல் இருக்காது, டிலீட் அடித்தால் பேக்ரவுண்ட் நிறம்தான் ஊறும்.

சட்டைப்பிரின்ட்:
டிடிஎஃப் பிரின்டுக்கு (ஃபிலிமில் அச்சடித்துச் சட்டைக்கு மாற்றுவது) நேர்மாறு. மைக்கூடு சொன்ன அந்த அரைகுறை பிக்சல்தான் எங்களுக்குத் தலைவலி. கறுப்புச் சட்டைக்கு நிறத்தின் அடியில் வெள்ளை மை போகும். 20 சதவீதம் மட்டும் தெரிகிற நிழலுக்கு அடியிலும் போய், ஓரமெல்லாம் சுண்ணாம்பு தடவிய மாதிரி நிற்கும். கிம்ப்பில் ‘த்ரெஷோல்டு ஆல்ஃபா’ போட்டு, பிக்சல் ஒன்று முழுசாக இருக்கணும், இல்லை முழுசாகப் போகணும் என்று ஆக்கிவிடுங்கள். ஓரம் ரம்பம் மாதிரி ஆகாமலிருக்க 10 அங்குல டிசைனுக்கு 3000 பிக்சல் அகலம் வேண்டும். நிழல், க்ளோ எஃபெக்ட் எல்லாம் முன்னாடியே எடுத்துவிட்டு அனுப்பினால் புண்ணியம்.

படிவம் நிரப்புபவர்:
வெள்ளைதான் வேண்டும் என்கிற இடமும் உண்டு. ஆன்லைன் விண்ணப்பத்தில் ஜேபிஜி கேட்கும், பேக்ரவுண்ட் எடுத்த கையெழுத்து பிஎன்ஜியை ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் மாற்றுவார்கள், முழுக் கறுப்பாக வரும். ஆல்ஃபா 0 ஆன பிக்சலின் அடியில் பெரும்பாலும் 0, 0, 0 இருக்கும். ஜேபிஜியில் ஆல்ஃபாவுக்கு இடமில்லை, அதை உதறியதும் கறுப்பு வெளியே வரும். மாற்றும் முன் கிம்ப்பில் பேக்ரவுண்ட் நிறத்தை வெள்ளையாக வைத்து ‘ஃப்ளாட்டன் இமேஜ்’ கொடுங்கள்.

அச்சுமேசை:
விட்டுப்போன ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் ஜேபிஜி ஆகிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ‘பிஎன்ஜி’ என்று தேடி இறக்கியதில் கட்டம் கட்டமாகவே பிரின்ட் வருகிறது என்றால் அந்தக் கட்டமே படத்தில் வரைந்ததுதான். அதைச் சுரண்டி எடுப்பதைவிட வேறு படம் தேடுவது சீக்கிரம் முடியும்.