லிங்க்-லோக்கல் அட்ரஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கருவிகள் தாமே வலையில் பேசிக்கொள்ளும் 'பொருள்களின் இணையம்' பற்றிய பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க 'லிங்க்-லோக்கல் அட்ரஸ்'. 'இணைப்பு உள்ளமை முகவரி' என்று போட்டிருக்கிறேன். எனக்கே வாயில் நுழையவில்லை.

பொருள் இதுதான்: இணைய முகவரிகளின் புதிய முறையான ஐபிவி6-இல் ஒரு கருவி, மின்சாரம் வந்ததும் யாரையும் கேட்காமல் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் முகவரி. எஃப்இ80 என்று தொடங்கும். அந்த ஓர் இணைப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வலைகளை இணைக்கும் திசைவி (ரவுட்டர்) அதை அப்பால் அனுப்பாது.

— க.

*

க. அவர்களுக்கு,

அகமுகவரி. மகரம் கெட்டுப் புணர்ந்தது, இலக்கணம் சுத்தம். உலகம் முழுக்கச் செல்வது புறமுகவரி. அகப்பாட்டில் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு. எந்தப் பாட்டிலும் ஒரு தலைவி இருப்பாள். அந்தப் பாட்டுக்குள் மட்டும் அவள் யாரென்று தெரியும். நீங்கள் சொல்வதும் அதுவேதானே?

— ந.

*

ந. ஐயா, உவமை அச்சாகப் பொருந்துகிறது. ஒரே எஃப்இ80 முகவரி இரண்டு வேறு இணைப்புகளில் இருந்தால் சண்டை கிடையாது. இரண்டு இடைமுகம் (வைஃபை ஒன்று, கம்பி ஒன்று என்பதுபோல்) உள்ள கணினியிலிருந்து அனுப்பும்போது, எந்த இடைமுகம் வழியாக என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பாட்டு என்று சொல்வது போல.

ஆனாலும் சொல் வேண்டாம். 'அகமுகவரி' என்றதும் மாணவர், வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ளுக்குள் பயன்படும் 192.168 என்று தொடங்கும் முகவரியைத்தான் நினைப்பார். அது ஒரு நிறுவனத்துக்குள் பத்துத் திசைவிகளைக் கடந்தும் போகும். இது ஒன்றைக்கூடத் தாண்டாது. இந்த வேறுபாட்டில்தான் தேர்வுத்தாளில் பாதிப் பேர் விழுகிறார்கள்.

— சு.

*

இணைப்பு என்ற சொல்லே முதலில் சரியில்லை. கனெக்‌ஷனுக்கும் அதுதான், மின்னஞ்சலோடு வரும் கோப்புக்கும் அதுதான், வலைப்பக்கச் சுட்டிக்கும் அதுதான். சங்கிலியில் ஒரு வளையத்துக்குத் தமிழில் கண்ணி என்று பெயர். ஆகவே கண்ணி முகவரி.

வேரைப் பாருங்கள். கண் என்றால் துளை. வலைக்கண், தேங்காய்க் கண். கணு, கண்ணி இரண்டும் அங்கிருந்தே வந்திருக்கலாம். கண் ஏழாம் வேற்றுமை உருபும்கூட: 'ஊரின்கண்'. அதாவது இடம். லிங்க், லோக்கல் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடக்கம்! மாலைக்கும் கண்ணி என்று பெயர். இரண்டடிப் பாட்டும் கண்ணி...

— வே.

*

வே. ஐயா, கண்ணிவெடியிலும் கண்ணிதான் இருக்கிறது. வலையிலுள்ள ஒரு கருவியைக் கணு (நோடு) என்கிறோம்; கணு, கண்ணி இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் மெய்ப்பு பார்ப்பவர் ஒன்றைப் பிழையென்று திருத்திவிடுவார்.

— ந.

*

தொடுப்பு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை?

— பா.

*

பா. தம்பி, வகுப்பில் 'இந்தக் கருவிக்கு ஒரு தொடுப்பு உண்டு' என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு அன்று பாடம் நடக்காது.

என் கேள்வி வேறு. கம்பி என்றால் கையால் தொட்டு 'இதுதான் லிங்க்' எனலாம். உணரிகள் வானொலியில் பேசுகின்றன. ஒரு கணுவின் அலை எட்டும் எல்லைதான் அங்கே இணைப்பு. அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: கூப்பிடு தூரம். நாலு கூப்பீடு ஒரு காதம் என்று அளந்த மொழி இது. கூப்பிடு முகவரி என்று வையுங்கள்; வினைத்தொகை, ஒற்றும் மிகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

— மா.

*

மா. அம்மா, மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஒரே சிக்கல்: சில வலைகளில் பொதிகளை (தகவல் துண்டுகளை) ஐபிக்குக் கீழடுக்கிலேயே கைமாற்றி விடுகிறார்கள். அப்போது வலை முழுவதுமே ஐபியின் கண்ணுக்கு ஒரே இணைப்பு. கூப்பிட்டால் கேட்காத இடத்துக்கும் இந்த முகவரி செல்லும்.

இதை ஏன் இவ்வளவு பார்க்கிறோம் என்றால், இந்த உணரிகள் பேசும் 802.15.4 என்ற வானொலித் தரத்தில், ஒரு முறை அனுப்பும் சட்டகம் வழக்கமாக மொத்தமே 127 பைட்டு. ஐபிவி6 தலைப்பு மட்டும் 40. வெப்பநிலை எண்ணைச் சொல்ல அவ்வளவு சுமையா? முகவரியின் பின்பாதி வன்பொருள் எண்ணிலிருந்தே பிறந்தால், அந்த எண்தான் சட்டகத்தில் ஏற்கெனவே இருக்கிறதே என்று, ஐபிவி6-ஐச் சிறு கருவிகளுக்காகச் சுருக்கும் 6லோபேன் முறை முகவரியை எழுதாமலே விட்டுவிடும். வாய்த்தால் 40 பைட்டு 2 பைட்டாகும்.

— சு.

*

எழுதாமலே தெரிகிறதா? அப்படியானால் அது தோன்றா எழுவாய் ஐயா! 'வந்தேன்' என்றால் 'நான்' எதற்கு? இந்தச் சுருக்கத்துக்குப் பெயர் வைத்துவிட்டீர்களா?

— ந.

*

அது ஆறாம் அத்தியாயம். அங்கே கைவைக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

இதுவரை: கண்ணி முகவரிக்கு ஐந்து பேர், கூப்பிடு முகவரிக்கு மூன்று, அகமுகவரிக்கு ந. ஐயா மட்டும். 'லிங்க்-லோக்கல் என்றே தமிழ் எழுத்தில் போடு' என்று இரண்டு பேர் தனிமடலில் சொன்னார்கள். பொதுவில் சொல்ல அவர்களுக்குத் துணிவில்லை. கண்ணி முகவரி என்று போட்டு, முதல் முறை வருமிடத்தில் மட்டும் லிங்க்-லோக்கலைப் பக்கத்தில் வைக்கிறேன்.

— க.

*

போடுங்கள். நான் கரும்பலகையில் கூப்பிடு முகவரி என்றுதான் எழுதுவேன். இடையில் ஆள் விட்டுக் கூப்பிட்டாலும் கூப்பிடுவதுதானே, சு.?

— மா.

*

முகவரி என்பதே முகம்+வரியா, அல்லது வேறா என்று யாரும் கேட்கவில்லையே. இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.

— வே.