ரிலே எங்கே செய்வீங்க? – டர்பன் ஸ்மார்ட் மீட்டர் ஆலைச் சண்டை

பீனிக்ஸ் குமரன்: டர்பன் விமான நிலையம் பக்கத்து டூபே டிரேட்போர்ட்ல இடம். டர்பனை நடத்துற ஈத்தெக்வினி நகராட்சியும் தனியாரும் பங்கு போட்டா ரெண்டே வருஷத்துல ஸ்மார்ட் மீட்டர் இங்கேயே வரும். முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு. வேண்டாம்கிறவங்க காரணம் சொல்லுங்க.

சாட்ஸ்வொர்த் மின்னல்: "முழுக்க உள்ளூர்"! ரிலே எங்கே செய்வீங்க? வீட்டுக் கரண்டை வெட்டி இணைக்கிற ஸ்விட்ச் அது, 80 ஆம்பியர் லாட்சிங் ரிலே. முனை வெள்ளி–டின் ஆக்சைடு, அதைச் செம்புத் தகட்டுல பொருத்தணும். பக்கத்துல கரண்டை அளக்குற மாங்கனின் ஷண்ட், அதுக்கு எலக்ட்ரான் கற்றை வெல்டிங். அந்த மெஷினை டூபேல யார் இறக்கப் போறா?

குமரன்: மீட்டர்னா ரிலே மட்டுமா அண்ணே? சால்டர் பேஸ்ட் அச்சு, பாகம் பொருத்துறது, சால்டரை உருக்குற 245 டிகிரி ரீஃப்ளோ அடுப்பு, கேமரா சோதனை, மீட்டருக்குள்ள ஓடுற ஃபர்ம்வேர், 4 கிலோவோல்ட் இன்சுலேஷன் சோதனை, அளவு சரிபார்க்கிற காலிபரேஷன் எல்லாம் இங்கேதான். மீட்டர் செய்யுற கான்லாக் டர்பன் கம்பெனிதானே?

மின்னல்: கான்லாக் இருக்கும்போது நகராட்சிப் பணத்துல இன்னொரு ஆலை எதுக்கு? அது கிடக்கட்டும், நான் கேட்டது ரிலே. லோட் ஷெடிங் முடிஞ்சு கரண்ட் வந்ததும் தெரு முழுக்க கீசர் ஒரே நேரத்துல இழுக்கும். மட்டமான ரிலேன்னா முனை ஒட்டிக்கும். அப்புறம் முன்பணம் கட்டின யூனிட் பூஜ்யமானாலும் வீட்டுல விளக்கு எரியும், நகராட்சிக்கு நாமம். வாங்குறப்ப ரிலே பழுது தாங்குற தரம் யூசி2-வா யூசி3-யான்னு கேக்கத் தெரியுமா? 2.5 கிலோஆம்பியர் பழுது மின்னோட்டத்துக்கும் 3-க்கும் வித்தியாசம் இருக்கு.

டோங்காட் தேவி: டர்பன் ஈரக் காத்துல முதல்ல சாகிறது ரிலே இல்ல, பவர் சப்ளைல 230 வோல்ட்டை இறக்குற எக்ஸ்2 கப்பாசிட்டர். ஈரம் உள்ள போனா உலோகப் படலம் அரிச்சு மதிப்பு குறையும். டிஸ்ப்ளே எரியும், ஆனா ரிலே இழுக்குற நொடியில வோல்ட்டேஜ் விழுந்து மீட்டர் ரீசெட் ஆகும். 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் தாங்கினதைத்தான் வாங்கணும்.

மின்னல்: அதுவும் கப்பல்லதான் வரும் அக்கா. என் கட்சிக்கே ஓட்டுப் போடுறீங்க.

ஜோபர்க் ராஜா: தண்ணிக் குழாய் ஒழுகுறதையே நிறுத்த முடியாத ஊரு, மீட்டர் செய்யப் போகுதாம்.

தேவி: உங்க ஊர் மின் நிறுவனம் சிட்டி பவர், நாட்டு மின் நிறுவனம் எஸ்காமுக்கு வெச்ச பாக்கியைப் பத்திப் பேசலாமா ராஜா?

ராஜா: 2024 நவம்பர் 24-க்குள்ள ப்ரீபெய்டு மீட்டர்ல சாவி மாத்துற ரெண்டு 20 இலக்க டோக்கனை அடிங்கன்னு சொல்லவே நாக்கு தள்ளிச்சு. புது ஆலையில மீட்டருக்கு ரகசியச் சாவி ஏத்துற பாதுகாப்பு மாட்யூல் யார் கையில இருக்கும், தனியாரா நகராட்சியா?

மின்னல்: டோக்கன்ல 1993-லிருந்து நிமிஷம் எண்ணின 24 பிட் எண் நிரம்பிச்சு, அவ்வளவுதான். குமரன் தம்பி, ரிலே?

குமரன்: பழைய கொள்முதல் விதியே ஸ்மார்ட் மீட்டருக்கு 50 சதவீத உள்ளூர்ச் சரக்குதான் கேட்டுச்சு. ப்ரீபெய்டுக்கு 70. ரிலே வெளியே வாங்கினாலும் கணக்கு நிக்கும்.

மின்னல்: முழுக்கன்னு ஆரம்பிச்சீங்க, பாதிக்கு வந்தாச்சு. நாளைக்கு அட்டைப்பெட்டி மட்டும் உள்ளூரா? பங்குதாரர்ங்கிறதாலயே நகராட்சி உங்ககிட்டதான் வாங்கணும்னு கட்டிப்போட முடியாது, அரசியலமைப்பு 217-ம் பிரிவு போட்டி கேக்குது. மூணு வருஷத்துக்கு மேல ஒப்பந்தம்னா நகராட்சி நிதிச் சட்டம் 33-ம் பிரிவு, கவுன்சில் கூடுறதுக்கு 60 நாள் முன்னாடியே வரைவை மக்கள் முன்னால வைக்கணும். நிதித்துறை வேற ஆர்டி29-2024-னு ஸ்மார்ட் மீட்டர் வாங்க நாட்டுக்கே பொது ஒப்பந்தம் போட்டாச்சு. ஆர்டர் உறுதி இல்லாத ஆலைக்கு எந்த பேங்க் கடன் தரும்?

ராஜா: கரண்ட் போனா ரீஃப்ளோக்குள்ள நிக்கிற போர்டு கருகும். கன்வேயருக்காவது யூபிஎஸ் வைங்கப்பா.

குமரன்: அது திட்டத்துலயே இருக்கு, படிச்சுட்டு வாங்க. மின்னல் அண்ணனுக்கு ரிலே வேணும்னா தனி இழை போட்டுக்கட்டும், இது என் இழை.

மின்னல்: போடுறேன். ஷண்ட்டுக்கு 500 மைக்ரோஓம் போதும்னு போன தடவை எழுதினது இந்தத் தம்பிதான். 80 ஆம்பியர்ல 3.2 வாட் சூடு, மூடின பிளாஸ்டிக் டப்பாக்குள்ள. அதையும் அங்கே ஒட்டுறேன்.

குமரன்: ஒட்டுங்க. கீழேயே நான் 200-னு திருத்தினதையும் சேர்த்து ஒட்டுங்க, வெட்டிடாதீங்க.