‘மீடியேட்டர்’ என்பதற்கு ‘இடையியக்கி’

அன்புடையீர், வணக்கம்.

ஈறு அழற்சியில் பங்குபெறும் ‘கெமிக்கல் மீடியேட்டர்’களை, அதாவது அழற்சியை நடத்தும் வேதிப்பொருள்களை, ‘வேதி நடுவர்’ என்று குறிக்கலாம் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நடுவர் என்பவர் இரு தரப்புக்கும் பொதுவாக நின்று வழக்கைத் தீர்ப்பவர். பல்லின்மேல் படியும் பற்படலத்து நுண்ணுயிரிகளை எதிர்க்க நம் உடலே வெளியிடும் இப்பொருள்களுக்கு அந்த நடுநிலை கிடையாது. இவற்றுள் ஒன்றான ஹிஸ்டமின் நுண்ணிய இரத்தக்குழல்களை விரித்துக் கசியச் செய்வதால் ஈறு சிவந்து வீங்குகிறது. இவ்வகையைச் சேர்ந்த இன்டர்லூக்கின்-1 பீட்டாவும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2-வும் மிகுந்து, நெடுநாள் நீடித்தால், எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்பட்டுப் பல்லைத் தாங்கும் தாடையெலும்பே தேய்கிறது.

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் பல் மருத்துவ ஆய்வாளர் லோவும் அவருடைய குழுவினரும் நலமான ஈறு உடையவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. தொடங்கி வைப்பது கிருமி என்பது அதில் தெளிவாயிற்று. அக்கிருமிக்கும் நாம் கண்ணாடியில் காணும் சிவப்புக்கும் இடையில் நின்று வேலை செய்பவற்றுக்குத்தான் நாம் இப்போது பெயர் தேடுகிறோம்.

‘வேதித்தூதர்’ என்ற சொல் ஹார்மோன்களுக்கும் நரம்புச் சுரப்புகளுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. ‘அழற்சித்தூண்டி’ கேட்பதற்கு எளிதாக இருப்பினும், லிப்பாக்சின், ரிசால்வின் போன்றவை அழற்சியை அடக்கி முடித்து வைக்கும் மீடியேட்டர்கள் ஆதலால், அவற்றைத் தூண்டி என்றழைப்பது நேர்மாறான பொருளைத் தந்துவிடும்.

ஆகவே, இடைநின்று இயக்குவது என்ற பொருளில் ‘இடையியக்கி’ என்பதை முன்வைக்கிறேன். கணினித் துறையினர் ‘இயக்கி’யை ‘டிரைவர்’ என்ற வேறு பொருளில் ஆள்கிறார்கள் என்பதை அறிவேன். எங்கள் குமரி மாவட்டத்தில் ‘இயக்கி’ என்பதே ‘இசக்கி’ என மருவியதால், அச்சொல்லைக் கேட்டால் முப்பந்தல் கோயிலின் இசக்கியம்மனை நினைப்பவர்களும் உண்டு. காக்கவும் செய்வாள், சினந்தால் அழிக்கவும் செய்வாள் என்று நம்பப்படும் தெய்வத்தின் நினைவு இப்பொருள்களுக்குப் பொருந்தாமல் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செல்களையும் சில நூல்கள் மீடியேட்டர் என்பதால், வேறுபாடு வேண்டிய இடத்தில் மட்டும் ‘வேதி இடையியக்கி’ என்று முன்னொட்டுச் சேர்க்கலாம். ‘மீடியேட்டட்’ என வரும் இடங்களில் இச்சொல்லை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ‘புரோஸ்டாகிளாண்டின் வழி எலும்பிழப்பு’ என்றாலே தெளிவாக விளங்கும்.